இரவல் சக்கர நாற்காலிக்குப் பூசை போட்ட விவரம்

மெர்லிமாவ்,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய தனபாலன் ஐயா அவர்களுக்கு,

தங்கள் கல்லூரியின் மாற்றுத்திறனாளி மாணவர் ஆதரவுப் பிரிவில் இரண்டாம் ஆண்டு கணினி மாணவனாகப் பதிந்திருக்கும் திலீபனின் அண்ணி தேவமலர் மெர்லிமாவிலிருந்து பணிவுடன் எழுதுவது. தாங்களும் வீட்டில் அனைவரும் நலமாக இருக்க வேண்டும். போன மாதம் பார்த்தபோது தங்களுக்கு வறட்டு இருமல் இருந்தது. அது விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். விடவில்லை என்றால் கற்பூரவல்லி எங்கள் வாசலில் காடாக வளர்ந்து கிடக்கிறது, ஒரு பை நிறையத் திலீபனிடம் கொடுத்தனுப்புகிறேன். இங்கு நாங்கள் நலம். தாங்கள் இரவல் கொடுத்த மின்சாரச் சக்கர நாற்காலி மட்டும் அவ்வளவு நலமில்லை.

பொருளுக்குச் சேதம் ஏற்பட்டால் ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று தாங்கள் கொடுத்த பாரத்தில் எட்டாவது விதி சொல்கிறது. இன்றோடு இருபது நாள் ஆகிறது. தாமதத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை ஐயா, பயம். அந்தப் பாரத்தில் 'சேதம் எப்படி ஏற்பட்டது' என்ற கேள்விக்கு இரண்டே கோடு விட்டிருக்கிறீர்கள். இரண்டு கோட்டில் எழுதிப் பார்த்தேன். "கோயிலில் தானாகப் பிரதட்சிணம் வந்தபோது இடித்துக்கொண்டது" என்று வந்தது. படித்துப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. அதனால்தான் தனிக் கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் திலீபன் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆறு மாதத் தொழிற்பயிற்சி முடித்தால்தான் அவனுக்கு டிப்ளோமா. தாங்கள் ஆதரவுக் கடிதம் கொடுத்தால்தான் நிறுவனங்கள் அவனைப் பயிற்சிக்கு எடுக்கும். நாற்காலியைக் கெடுத்தவன் என்று அவன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டீர்கள் என்றால் அவன் இரண்டு வருடப் படிப்பு அந்தரத்தில் நிற்கும். கெடுத்தது நான். முழுக்க முழுக்க நான். எனக்கு இருபத்தொன்பது வயது, வணிக நிர்வாகத்தில் பட்டம் வாங்கியவள், இரண்டரை வயதுப் பெண் குழந்தைக்குத் தாய். இத்தனை இருந்தும் கெடுத்தேன்.

என் மாமனாரும் மாமியாரும் அடுத்தடுத்துத் தவறிய பிறகு, திலீபன் பதினைந்து வயதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறான். பிறவியிலேயே கால்களில் பலம் குறைவு. வீட்டுக்குள் ஊன்றுகோலில் நடப்பான், வெளியே போக நாற்காலி வேண்டும். தங்கள் பிரிவில் சேர்க்க வந்த அன்று பாரத்தில் 'உறவு' என்ற இடத்தில் தந்தை, தாய், பாதுகாவலர் என்று மூன்றுதான் இருந்தது. நான் மூன்றையும் அடித்துவிட்டு அண்ணி என்று எழுதினேன். 'தேவைப்படும் உதவிகள்' என்ற இடத்தில் நான் ஒரு பக்கம் முழுக்க எழுதி, பின்பக்கமும் திருப்பினேன். திலீபன் அதை வாங்கி மொத்தத்தையும் கோடு போட்டு அடித்து, 'சார்ஜ் போட ஒரு பிளக் பாயிண்ட்' என்று எழுதிக் கொடுத்தான். எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் தங்களுக்கு அன்றே தெரிந்திருக்கும்.

பாச்சாங்கில் உள்ள கணினி நிறுவனத்தில் திங்கட்கிழமை நேர்முகம் என்று தாங்கள் ஏற்பாடு செய்து கொடுத்தீர்கள். மின்சார நாற்காலி அதற்கு முந்தின வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தது. புது வண்டி வீட்டுக்கு வந்தால் பூசை போடாமல் ஓட்டுவோமா? என் கணவர் ஹரிதாஸ் சரக்கு லோரி ஓட்டுகிறார். அவர் டயர் மாற்றினாலே எலுமிச்சம்பழம் வைப்பவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு சந்து தள்ளியிருக்கும் முனியாண்டி கோயிலுக்குப் போகலாம் என்றேன்.

"அண்ணி, இது வண்டி இல்ல. நாற்காலி. அதுவும் காலேஜ் நாற்காலி" என்றான் திலீபன்.

"சக்கரம் இருக்குல்ல? ரோட்டுல ஓடுதுல்ல? அப்ப வண்டிதான். கெளம்பு."

பூசாரி ரங்கசாமி அண்ணன் நல்ல மனிதர். ஆனால் நாற்காலியை இரண்டு தடவை சுற்றி வந்துவிட்டு, "நம்பர் பிளேட் எங்கம்மா? நான் எப்பவும் அதுலதான் சந்தனம் வைப்பேன்" என்றார். இல்லை என்றேன். "நம்பர் பிளேட் இல்லாத வண்டியா? போலீஸ் புடிச்சா?" என்று கேட்டார். பிறகு சக்கரங்களை எண்ணினார். முன்னால் இரண்டு, நடுவில் பெரிதாக இரண்டு, பின்னால் சாயாமல் இருக்கக் குட்டியாக இரண்டு. "ஆறு வீலு! நான் நாலு பழம்தான் எடுத்து வச்சேன். இது லோரி கணக்கா இருக்கே" என்று உள்ளே போய் இன்னும் இரண்டு பழம் எடுத்து வந்தார். பூசை முடியும்வரை ஓட்டுநர் இறங்கி நிற்க வேண்டும் என்பது அவர் வழக்கம். திலீபன் முனகிக்கொண்டே இறங்கிப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

இந்த இடத்தில்தான் ஐயா நான் இரண்டு தவறு செய்தேன். ஒன்று, என் மகள் தாரணியைக் கீழே இறக்கி விட்டேன். நாற்காலியில் உள்ள பச்சைப் பொத்தானை அமுக்கினால் 'பீப்' என்று சத்தம் வரும், அது அவளுக்கு உயிர். அமுக்கிவிட்டாள். இரண்டு, லோரி முகப்பில் போடுவதுபோல் நாற்காலிக்கும் மாலை போட வேண்டும் என்று கேட்டேன். முகப்பு எது என்று ரங்கசாமி அண்ணனுக்குத் தெரியவில்லை. நீட்டிக்கொண்டிருந்தது ஜாய்ஸ்டிக் ஒன்றுதான். ஒரு கிலோ சாமந்தி மாலையை அதில் மாட்டினார். மாலையின் கனத்தில் ஜாய்ஸ்டிக் மெதுவாக முன்பக்கம் சாய்ந்தது, கொஞ்சம் வலது பக்கமும்.

எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்கும் சத்தம் கேட்டு நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். திறந்து பார்த்தால் எதிரில் நாற்காலி இல்லை. ஆள் இல்லாத நாற்காலி மாலையும் கழுத்துமாகக் கோயிலை வலம் போய்க்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டம் விலகி வழி விட்டது. பின்வரிசையில் ஒரு அக்கா, "முனியாண்டி ஏறி உக்காந்துட்டாருடி!" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் உடுக்கையை எடுத்துவிட்டார். பெஞ்சிலிருந்து திலீபன் தொண்டை கிழியக் கத்துகிறான்: "அக்கா, அது பேட்டரி! சாமி இல்ல, பேட்டரி! யாராச்சும் செவப்புப் பொத்தான அமுக்குங்க!" அமுக்க யாருக்குத் தைரியம் வரும்? நாற்காலி ஒரு சுற்று நிதானமாக முடித்தது. இரண்டாம் சுற்றில் மாலை சக்கரத்தில் சிக்கி, ஜாய்ஸ்டிக்கை இழுத்துக்கொண்டு போய்க் கொடிக்கம்பத்துச் சிமெண்டு மேடையில் மோதி நின்றது. தாரணி கை தட்டினாள். கூட்டத்தில் நாலைந்து பேரும் தட்டினார்கள்.

அன்றைக்கே தங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கைப்பேசி எண் கொடுத்து, "எப்ப வேணாலும் கூப்பிடுங்கம்மா" என்று சொன்னீர்கள். எடுத்தேன், எண்ணைத் தேடினேன், வைத்துவிட்டேன். சொன்னால் நாற்காலியைத் திருப்பிக் கேட்பீர்கள், நாற்காலி இல்லாமல் திங்கட்கிழமை நேர்முகம் இல்லை என்று என் மனம் கணக்குப் போட்டது. திலீபன், "கூப்பிட்டுச் சொல்லிருங்க அண்ணி, அவர் ஒன்னும் கடிச்சிட மாட்டார்" என்றான். நான் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை எங்கள் தாமான் குடியிருப்புக்கு எதிரே மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் சுரேனிடம் காட்டினேன். சுரேன் கெட்டிக்காரப் பையன், மோட்டார் சைக்கிளில் எது போனாலும் சரி செய்வான். இது மோட்டார் சைக்கிள் இல்லை என்று நானும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. மத்தியானம் வந்து, "முடிஞ்சிருச்சுக்கா. சூப்பரா ஓடுது. ஒரே ஒரு விசயம், முன்னால மட்டும் போகாது" என்றான்.

"முன்னால போகாதுன்னா?"

"கோஸ்தான் நல்லா போகுது கா. வெண்ணெ மாதிரி. கண்ணாடி ஒன்னு மாட்டி விட்டுருக்கேன், பின்னால பாக்க லேசா இருக்கும்."

பின்பக்கமாக எடுப்பதை இந்தப் பக்கம் எல்லாரும் கோஸ்தான் என்றுதான் சொல்வோம், தங்களுக்குத் தெரியாததில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். திலீபன் கண்ணாடியைத் திருப்பித் தலையை ஒரு தடவை வாரிக்கொண்டு, "எதுக்கு அண்ணி அழுவுறீங்க? லோரிக்காரன் தம்பி நான். எனக்குக் கோஸ்தான் எடுக்கத் தெரியாதா?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டுக்கு முன்னால் பயிற்சி. என் கணவர் லோரிக்கு வழி காட்டுவதுபோல் பின்னால் நின்று, கையை ஆட்டி, "வா, வா, வா... லெஃப்ட் ஒடி... இன்னும் வா... ஸ்டோப்!" என்று கத்துவார். தாரணியும் நடுவில் நின்று, "வா வா சித்தப்பா!" என்பாள். அக்கம் பக்கத்தில் எல்லாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் இரண்டு பூந்தொட்டிக்கு நடுவில் உரசாமல் பின்னால் வந்து நிற்கும் அளவுக்குத் தேறிவிட்டான்.

திங்கட்கிழமை என் கணவர் எங்களை லோரியிலேயே பாச்சாங்கில் இறக்கிவிட்டார். பின்பக்கத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தட்டு இருப்பதால் நாற்காலிக்கு அதைவிட வசதியான வண்டி கிடையாது. கூட யாரும் வர வேண்டாம் என்று தாங்கள் சொல்லியிருந்தீர்கள். கல்லூரியில் நடத்திய மாதிரி நேர்முகத்தில் ஆறு கேள்வியில் நான்குக்கு நானே பதில் சொன்ன பிறகு, தாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மா, அங்க நீங்க அறைக்கு வெளிய உக்காருங்க. சத்தியம் பண்ணுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டதும் நினைவிருக்கிறது. வெளியே உட்காரத்தான் போனேன். ஆனால் அந்தக் கட்டடத்தின் முன்வாசலில் மூன்று படி. சறுக்குப் பாதை பின்பக்கம், சாமான் இறக்கும் இடத்தில் இருந்தது. அது வழியாகக் கோஸ்தானில் ஏற யாராவது பின்னால் நின்று வழி காட்ட வேண்டாமா? நான் பட்டுச் சேலையில், இடுப்பில் தாரணியோடு, "வா, வா, ரைட்டு ஒடி, இன்னும் கொஞ்சம்!" என்று கத்திக்கொண்டே முன்னால் போக, திலீபன் முதுகைக் காட்டிக்கொண்டே பின்னால் வர, வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நேர்முக அறைக்குள்ளும் அப்படியேதான் போனான். உள்ளே இருந்த மூன்று பேருக்கு முதலில் தெரிந்தது அவன் பின்தலை. அவன் எதிர்ச் சுவரைப் பார்த்துக் குட் மார்னிங் சொன்னான். கதவு அவனுக்கு முன்னால் சாத்திக்கொண்டது.

நான் சத்தியப்படி வெளியே உட்கார்ந்தேன். கண்ணாடிக் கதவு என்பதால் பேச்சு காதில் விழுந்ததே தவிர நான் ஒட்டுக் கேட்கவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த மேலாளர் ஷாந்தினி என்பவர், ஏன் பின்பக்கமாக வந்தீர்கள் என்று கேட்டார். "முன்னால வர்றதுக்குத்தான் நீங்க வழி வைக்கலியே மேடம். மூணு படி இருக்கு. பின்வாசல் மட்டும்தான் எனக்குன்னு இருந்துச்சு, அதான் அதுக்கேத்த மாதிரி வந்தேன்" என்றான். பயிற்சி கேட்டு வந்த இடத்தில் வாசலைக் குறை சொல்வார்களா? பிறகு அவன் கோயில் கதையைச் சொன்னான். சொல்லாதே சொல்லாதே என்று நான் வெளியிலிருந்து கை காட்டினேன். முழுக்கச் சொன்னான். பேட்டரி எவ்வளவு நேரம் ஓடியது, சுரேன் எந்தக் கம்பியை எங்கே மாற்றிக் கொடுத்திருப்பான், அதைச் சரி செய்ய என்ன செய்ய வேண்டும் என்று தாளில் வரைந்தெல்லாம் காட்டினான். அவர்கள் சிரித்த சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தாரணி என் மடியிலிருந்து நழுவிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவிட்டாள். குழந்தையைப் பிடிக்கத்தான் ஐயா நான் உள்ளே போனேன். இதைச் சத்திய மீறலில் சேர்க்கக் கூடாது. போன நேரத்தில் அந்த ஷாந்தினி அம்மா, "உங்க பலவீனம் என்னன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். திலீபன் யோசித்தான். இரண்டு விநாடி இருக்கும். அந்த இரண்டு விநாடி என்னால் தாங்க முடியவில்லை. "காலையில எழுப்புனா எழுந்திருக்க மாட்டான் மேடம்! மத்தபடி தங்கமான பையன்" என்று சொல்லிவிட்டேன்.

"நீங்க?" என்றார் அவர்.

"அண்ணி."

திலீபன் என் பக்கம் கையைக் காட்டி, "பலவீனம் கேட்டீங்களே மேடம், இவங்கதான்" என்றான்.

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தாரணியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன். அதன் பிறகு பதினேழு நாள் ஆகிறது. தினமும் சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்ததும், "ஏதாச்சும் பதில் வந்துச்சா?" என்று கேட்பேன். "ஒன்னும் வரல அண்ணி, விடுங்க" என்பான். வீட்டுக்குள்ளும் ஊன்றுகோலை எடுக்காமல் நாற்காலியிலேயே கோஸ்தானில் கூடத்துக்குள் வந்து, கோஸ்தானில் சாப்பாட்டு மேசைக்குப் போகிறான். ஒரு குறை சொன்னதில்லை. அவன் சிரிக்கச் சிரிக்க நான் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுகிறேன்.

ஆகவே ஐயா, என் வேண்டுகோள்கள். சேதப் பொறுப்பை என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள், என் அடையாள அட்டை நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அவன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள், அடுத்த நிறுவனத்துக்கும் ஆதரவுக் கடிதம் கொடுங்கள். அதோடு இன்னொன்று. பாச்சாங் மாதிரி தூரத்து இடமெல்லாம் வேண்டாம். வீட்டிலிருந்தே செய்யும் பயிற்சி ஏதாவது இருந்தால் பாருங்கள். கணினி வேலைதானே, எங்கள் கூடத்தில் இணையம் நன்றாக வருகிறது. வெளியே போனால் கழிவறை எப்படி இருக்கும், மழை பெய்தால் யார் குடை பிடிப்பார்கள், லிஃப்ட் கெட்டுப் போனால் என்ன செய்வான், பக்கத்தில் இருப்பவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று நினைத்து ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். வீட்டில் இருந்தால் என் கண்ணுக்குள் இருப்பான். தாங்கள் இந்த ஒரு உதவியைச் செய்தால் காலத்துக்கும் மறக்க மாட்டேன்.

பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கள் பிரிவில் பணியாற்றும் எல்லாருக்கும் என் வணக்கங்களைச் சொல்லுங்கள். தங்கள் கையால் வேலைக்குப் போகும் பிள்ளைகள் எல்லாரும் நல்லா இருக்கட்டும், அந்தப் புண்ணியம் தங்கள் பிள்ளைகளைச் சேரட்டும் என்று முனியாண்டி சாமியை வேண்டிக்கொள்கிறேன். நாற்காலியைப் பற்றி மட்டும் இனி அவரிடம் பேச மாட்டேன்.

பணிவுடன்,
தேவமலர் ஹரிதாஸ்
(திலீபனின் அண்ணி)

பின்குறிப்பு: ஐயா, மேலே எழுதிய வேண்டுகோள் எதையும் தயவுசெய்து நிறைவேற்றிவிடாதீர்கள். உறையில் போடுவதற்கு முன்னால் எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி என் கணவரிடம் கொடுத்தேன். எலுமிச்சம்பழத்திலிருந்து சிரித்துக்கொண்டே படித்தார். 'வீட்டிலிருந்தே' என்ற இடம் வந்ததும் சிரிப்பு நின்றது. "டேய் திலீபா, நீயே வந்து சொல்லிரு. என்னால இதுக்கு மேல முடியாது" என்று கத்தினார். திலீபன் அறையிலிருந்து வந்தான். முன்பக்கமாக, நேராக வந்தான்.

நேர்முகம் முடிந்த மறுநாளே தங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். அந்த வாரமே தாங்கள் ஜாய்ஸ்டிக்கை மாற்றிக் கொடுத்து, பாரத்தையும் அவனிடமே கையெழுத்து வாங்கி மூடிவிட்டீர்களாம். போன வாரத் திங்கட்கிழமையிலிருந்து இன்றோடு ஒன்பது வேலை நாளாகப் பாச்சாங்கில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறானாம். கல்லூரி என்று நினைத்து நான் கட்டிக் கொடுக்கும் கத்தரிக்காய்க் கூட்டில் பாதியை அந்த ஷாந்தினி அம்மாதான் சாப்பிடுகிறாராம். முன்வாசலில் சறுக்குப் பாதை போட ஆள் வந்து அளந்துவிட்டுப் போனார்களாம். தினமும் காலையில் லோரியில் கொண்டு போய் இறக்கிவிடுவது என் கணவர். வீட்டுக்குள் கோஸ்தானில் வந்ததெல்லாம் எனக்காக நடித்தது. தாங்களும் இதில் கூட்டு. போன ஞாயிறு ஜாசின் சந்தையில் தங்களைக் கண்டதும் பயத்தில் தேங்காய்க் கடைக்குப் பின்னால் ஒளிந்தேன். அதே நேரம் தாங்கள் என்னைக் கண்டு கருவாட்டுக் கடைப் பக்கம் ஒதுங்கியதாக இவன் சொல்கிறான். இருமலோடு கருவாட்டுக் கடையில் ஏன் ஐயா நிற்கிறீர்கள்?

கோபமாகத்தான் கேட்டேன், "என்கிட்ட ஏண்டா மறைச்ச?" என்று. அவன் தாரணியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"மொத நாளு எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு அண்ணி. மத்தியானம் ஃபோன எடுத்துட்டேன், உங்களக் கூப்பிட. அப்பறம் வச்சிட்டேன். கூப்பிட்டா வந்துருவீங்க."

வந்திருப்பேன்தான், ஐயா.